ஆடாத கை

கூவப்பாறை
மே 6

அன்புள்ள சேச்சிக்கு,

ஈசோவுக்குத் துதி. டோமிச்சன் எழுதுவது. இங்கே நானும் பின்சியும் சுகம். அங்கே நீங்களும் மதரும் மற்ற சிஸ்டர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பின்சிக்கு இடுப்பு வலி, மழைக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டது. குருமிளகு இந்த வருடம் பரவாயில்லை.

போன வாரம் பாறைக்கல் அவுசேப்பச்சன் அடக்கம். பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று நாட்டில், ஒருத்தரும் வரவில்லை. முழுவதும் என் கேமராவில் போட்ட நேரலைதான். ஜெபம் நடக்கும்போதே மூத்தவன் அமெரிக்காவிலிருந்து போன் போட்டு, "டோமிச்சா, அப்பச்சன் மூக்கு மேல ஈ உக்காந்திருக்கு, வெரட்டுடா" என்கிறான். நான் எப்படி விரட்டுவது? கேமராவை இறக்கினால் அங்கே எல்லோருக்கும் படம் ஆடும். கண்ணால் கோயில் பணியாள் கப்யாருக்கு ஜாடை காட்டினேன். அவர் வந்து விரட்டினார். என் கை ஆடவில்லை.

இன்னொன்று எழுத வேண்டும். மதர் படித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவார், அதனால் அளவாக எழுதுகிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்ணைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார்கள். நம் பத்ரோஸின் மகள் ஜிஸ்மி. பஸ் ஸ்டாப்பை ஒட்டி, என் ஸ்டுடியோவுக்கு எதிர் பேக்கரியில் வேலை பார்த்தாள். நாலு மணிக்கு முட்டை பப்ஸ் கொண்டுவந்து, "டோமிச்சேட்டா, சூடா இருக்கு, கேமராவ கீழ வெச்சுட்டு சாப்பிடுங்க" என்பாள். இருபத்திரண்டு வயது. குத்தியவன் ஹெல்மெட் போட்டிருந்தான். பைக்கில் போய்விட்டான்.

அதைவிடக் கொடுமை ஜனங்கள். முப்பது பேராவது இருப்பார்கள், எல்லோர் கையிலும் போன். ஒருத்தன் தடுக்கவில்லை. இப்போது அந்த வீடியோ இல்லாத போன் இல்லை. மறுநாளிலிருந்து பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து அந்த இடத்தில் நின்று படம் எடுத்துப் போகிறார்கள். இதெல்லாம் மனிதர்களா, சேச்சி?

ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
டோமிச்சன்

-

மடம்
மே 20

அன்புள்ள டோமிச்சா,

ஈசோவுக்குத் துதி. இங்கே எல்லோரும் நலம். என் முட்டிதான் மண்டியிட்டுப் பாடும்போது கூடவே பாடுகிறது. பின்சியைக் குனிந்து கூட்ட விடாதே. நீ துடைப்பத்தைப் பிடித்தால் கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

ஈ கதையைப் படித்துவிட்டு மதர் சிரித்தபடியே கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். அடுத்த பக்கத்தை நான் படிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அன்று மாலை ஜெபமாலை ஜிஸ்மிக்காகச் சொன்னோம். பத்ரோஸ் என்னோடு வேதபாட வகுப்பில் இருந்தவன். பின்பெஞ்சில் உட்கார்ந்து எனக்குப் புளியங்கொட்டை கொடுப்பான். அவன் எங்கே இருக்கிறான் இப்போது? யார் அவனுக்குச் சொன்னது?

ஜனங்களை நீ திட்டியிருப்பது சரிதான். நானும் திட்டிக்கொண்டே படித்தேன். ஆனால் முப்பது பேர் நின்றார்கள் என்று எழுதியிருக்கிறாய், நீ எங்கே நின்றாய் என்று எழுதவில்லையே. ஸ்டுடியோ நேர் எதிரில் அல்லவா இருக்கிறது?

ஆசீர்வாதத்துடன்,
சேச்சி

-

கூவப்பாறை
ஜூன் 11

அன்புள்ள சேச்சிக்கு,

ஈசோவுக்குத் துதி. இங்கே மழை பிடித்துக்கொண்டது. பின்சிக்கு எண்ணெய் தேய்க்கிறோம், தேவலை. மதரின் இருமல் எப்படி?

பத்ரோஸ் குவைத்தில் டிரைவர். பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொண்டு அடக்கத்துக்குக்கூட விடவில்லை. அதனால் என்னையே கூப்பிட்டு நேரலை போடச் சொன்னார். போட்டேன். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் காதில் பத்ரோஸின் குரல்தான். "டோமிச்சா, மோள் மொகத்த கொஞ்சம் கிட்ட காட்டு. இன்னும் கொஞ்சம் கிட்ட" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காட்டினேன். அப்புறம் மண் போட்டு முடியும்வரை அவர் லைனை வைக்கவில்லை. பிறகு வழக்கம்போல அழுகைச் சத்தத்தை எடுத்துவிட்டு, அதன்மேல் பாட்டுப் போட்டு ஆல்பமாக்கி அனுப்பிவிட்டேன். சாவு வீடியோ என்றால் ஜனங்களுக்கு அப்படித்தான் வேண்டும்.

போலீஸ் செபின் என்பவனைப் பிடித்திருக்கிறது. ஒரு வருடமாக அவள் பின்னால் சுற்றியவன். அவனோ அன்று முழுவதும் மாமாவின் ரப்பர் தோட்டத்தில் இருந்தேன் என்கிறான். மாமாவும் ஆமாம் என்கிறார். ஹெல்மெட்டுக்குள் யார் என்று யார் சொல்வது? மற்ற வீடியோ எல்லாம் தூரத்திலிருந்து எடுத்தவை, பஸ் ஹாரன்தான் கேட்கிறது. பக்கத்திலிருந்து எடுத்த ஒன்றில் சத்தமே இல்லை.

நீங்கள் கேட்டீர்கள். நான் உள்ளே ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உங்கள் தம்பி,
டோமிச்சன்

-

மடம்
ஜூலை 2

அன்புள்ள டோமிச்சா,

ஈசோவுக்குத் துதி. மதரின் இருமல் குறைந்தது. பின்சிக்கு என் அன்பு.

போன வாரம் ஒரு பெண் ஜெபம் கேட்டு வந்தாள். பார்வையாளர் அறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். நம் ஊர் பெயரை நான் சொன்னதும் அவளுடைய நேர்ச்சையை மறந்துவிட்டு இதைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டரே, பக்கத்துல நின்னு எவனோ ஒருத்தன் எடுத்திருக்கான் பாருங்க, நாலு நிமிஷம், கை இம்மி ஆடல. சினிமாக்காரன் தோத்தான்" என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஜெபத்தில் மனம் நிற்கவில்லை.

அப்பச்சன் இறந்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. எனக்கு மடத்தைவிட்டு வர அனுமதி இல்லை. நீ எடுத்த கேசட்டை அப்போதிருந்த மதர் ஒரே ஒருமுறை பார்க்க விட்டார். அப்பச்சனின் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது உன் கையால்தான், அந்த நன்றி சாகும்வரை உண்டு. ஆனால் பெட்டியை மூடினார்கள் பார், அம்மச்சி விழுந்தாள், சித்தப்பா தாங்கிப் பிடித்தார், எல்லோரும் கதறினார்கள். படம் மட்டும் ஆடவேயில்லை. ஊரே உன்னைப் புகழ்ந்தது. நான் அந்த இடத்தில் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை வருடம் உன்னிடம் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. டோமிச்சா, அதை எடுத்தது நீயா?

சேச்சி

-

கூவப்பாறை
ஆகஸ்ட் 28

அன்புள்ள சேச்சிக்கு,

ஈசோவுக்குத் துதி. எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். ஓணம் நெருங்குகிறது, கல்யாண வேலைகளும் நிறைய. மழையில் ஸ்டுடியோ கூரை ஒழுகி ஒரு லென்ஸில் பூஞ்சை பூத்துவிட்டது. பின்சி சுகம், உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இத்துடன் சக்கை வறுவல் அனுப்பியிருக்கிறேன், நம் தோட்டத்துப் பலாச்சக்கைதான். தேங்காய் எண்ணெயில் பின்சி வறுத்தது. மதருக்கும் எல்லா சிஸ்டர்களுக்கும் போதும்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

உங்கள் தம்பி,
டோமிச்சன்

-

மடம்
செப்டம்பர் 15

டோமிச்சா,

ஈசோவுக்குத் துதி. எல்லோரும் நலம்.

சக்கை வறுவலைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். சிஸ்டர்கள் என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மதருக்கும் வருத்தம்தான், வறுவல் என்றால் அவருக்கு உயிர். பின்சியிடம் அவள் கைப்பக்குவத்தின் மேல் கோபமில்லை என்று சொல்.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் சக்கை வறுவல் இல்லை.

சேச்சி

-

கூவப்பாறை
அக்டோபர் 9

சேச்சி,

நான்தான்.

மதரும் படிக்கட்டும். எத்தனை பேர் படித்தாலும் பரவாயில்லை.

அன்று ஸ்டுடியோ படியில் நின்று ஒரு கல்யாண வீட்டுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். போன் கையில் இருந்தது. பைக் வந்து நின்றது, அவன் இறங்கினான். என்ன நடக்கிறது என்று புத்தியில் படுவதற்கு முன்பே போன் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. பேக்கரி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதை எடுத்து அவன்மேல் வீசியிருந்தாலே போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? படத்தில் கால் பக்கம் வெட்டுப்படுகிறதே என்று ஒரு படி இறங்கினேன். பக்கத்தில் போனேன் சேச்சி, படம் சரியாக விழுவதற்காகப் போனேன். பிறகு ஒரு நாள் டேப் வைத்து அளந்து பார்த்தேன். பதினோரு அடி.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். "டோமிச்சேட்டா, செபின் குத்துறான், வந்து புடிங்க" என்றாள். தெளிவாகச் சொன்னாள். அப்புறம் "டோமிச்சேட்டா" என்று மட்டும் இரண்டு முறை.

அடக்க வீடியோ எடுக்கும் நாங்கள் பதினேழு பேர் ஒரு போன் குழு வைத்திருக்கிறோம். அதில்தான் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள், கண்ட எதையும் அங்கே போட்டுப் பழக்கம். போடுவதற்கு முன் சத்தத்தை எடுத்துவிட்டேன். சாவு வீடியோ வழக்கம்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். என் பெயர் அதில் இருந்தது, அதனால்தான். பத்து நிமிடத்தில் அழித்தும்விட்டேன். அதற்குள் அது ஊர் தாண்டிவிட்டது. போலீஸ் விசாரித்தபோது பதினேழு பேரும் வாய் திறக்கவில்லை. தொழில் மரியாதையாம்.

சத்தத்தோடு இருப்பது என்னிடம் ஒரு மெமரி கார்டில் பத்திரமாக இருக்கிறது. அவள் வாயாலேயே அவன் பெயர் வருகிறது. அது கிடைத்தால் செபின் தப்ப முடியாது, கிடைக்காவிட்டால் மாமாவின் சாட்சியில் வெளியே வந்துவிடுவான் என்று ஊரில் பேச்சு. கொடுத்தால் என் பெயரையும் ஊர் கேட்கும். பத்ரோஸ் கேட்பார். அவர் மகளின் அடக்கத்தை நான்தானே எடுத்தேன், அவர் எனக்கு நன்றி சொன்னாரே. பின்சிக்கு இன்னும் தெரியாது.

என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

டோமிச்சன்

-

மடம்
அக்டோபர் 20

டோமிச்சா,

ஈசோவுக்குத் துதி.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தில் சமையலறையில் கஞ்சிக் கலத்தைப் போட்டு உடைத்தேன். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். நீ ஒரு படி இறங்கினாய் என்று எழுதியிருக்கும் இடத்தை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ மட்டும் பாவி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெண் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கதை சொன்னாள் என்று எழுதினேன் அல்லவா? அவள் பாதியில் நிறுத்தினாள். "அப்புறம்?" என்று கேட்டது நான்தான். மூன்று முறை கேட்டேன். அந்தப் பிள்ளை என்ன நிறச் சுரிதார் போட்டிருந்தாள் என்றுகூடக் கேட்டேன். இருபத்தெட்டு வருடம் மதிலுக்குள் இருந்தும் எட்டிப் பார்க்கும் குணம் போகவில்லை எனக்கு.

என்ன செய்யட்டும் என்கிறாய். உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என் வாயால் வரட்டும் என்று காத்திருக்கிறாய், நாளைக்கு "சேச்சி சொன்னா, கொடுத்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? கப்யாருக்குக் கண்ணைக் காட்டியதுபோல எனக்கும் காட்டுகிறாயா? இந்த ஈயை நான் விரட்ட மாட்டேன்.

முதலில் பின்சியிடம் சொல். அவள் கடைவீதியில் கேட்கக் கூடாது.

டிசம்பர் ஒன்றாம் தேதி நோன்பு தொடங்கினால் கிறிஸ்துமஸ் வரைக்கும் கடிதம் கிடையாது. அதற்குள் எழுத ஏதாவது இருந்தால் எழுது. இல்லையென்றால் மழை, மிளகு என்று எழுதாதே.

சேச்சி

-

கூவப்பாறை
நவம்பர் 28

சேச்சி,

ஈசோவுக்குத் துதி. கொடுத்துவிட்டேன்.

பின்சியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்துபோய் அரிசி களைந்தாள். சோறு வடித்தாள், எனக்குப் பரிமாறினாள். அப்புறம் கேட்டாள், "அந்த எடத்துல நான் கெடந்திருந்தா, என்னையும் எடுத்திருப்பீங்களா?" என்று. மறுநாள் ஸ்டேஷனுக்கு அவளும் கூட வந்தாள்.

ஸ்டேஷனில் ரைட்டர் முழுவதும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏழு மாசம் இத எங்கடா வெச்சிருந்த?" என்றார். மேசை டிராயரில் என்றேன். அடிக்கக் கை ஓங்கினார். என்ன நினைத்தாரோ, வாக்குமூலம் எழுதத் தொடங்கினார். எவ்வளவு தூரம் என்று கேட்டபோது பதினோரு அடி என்று சொன்னேன்.

வெளியே வரும்போது வாசலில் ஏழெட்டு போன்கள். நான் செருப்பை மாட்டுவது, பின்சி முந்தானையால் முகத்தை மூடுவது எல்லாம் சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் போய்விட்டது. எடுத்தவனில் ஒருவன் எங்கள் பதினேழு பேரில் ஒருவன். நன்றாகவே எடுத்திருக்கிறான்.

வாக்குமூலமும் எப்படியோ வெளியே போய்விட்டது, இப்போது ஊரில் என் பெயர் டோமிச்சன் இல்லை. "டேய், பதினோரடி போறான் பாருடா" என்கிறார்கள். மீன்காரிகூட, "பதினோரடி சேட்டா, மத்தி வேணுமா? கிட்ட வந்து வாங்கிக்க, பயப்படாத" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அன்று அங்கே போனோடு நின்றவர்கள். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, வாங்கிக்கொண்டு வந்தேன். ஒப்புக்கொண்டிருந்த கல்யாணங்கள் மூன்றும் போயின.

நோன்பு முடிந்ததும் எழுதுங்கள்.

டோமிச்சன்

-

மடம்
டிசம்பர் 27

அன்புள்ள டோமிச்சா,

ஈசோவுக்குத் துதி. பிறப்புத் திருநாள் வாழ்த்து உனக்கும் பின்சிக்கும். மத்தி வாங்கினாய் அல்லவா, அது போதும். நாளைக்கும் போய் வாங்கு.

பின்சிக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நீ படிக்காதே.

கோர்ட்டில் உன்னைக் கூப்பிடும்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அழுது காட்டாதே. அங்கே அழ வேண்டியவர் வேறு ஒருவர் இருப்பார்.

சேச்சி

-

கூவப்பாறை
பிப்ரவரி 5

அன்புள்ள சேச்சிக்கு,

ஈசோவுக்குத் துதி. பின்சி சுகம். உங்கள் கடிதத்தை ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறாள், எனக்குக் காட்டவில்லை.

விரைவு கோர்ட் என்பதால் போன வாரமே தீர்ப்பு வந்துவிட்டது. செபினுக்கு ஆயுள் தண்டனை. கதவைச் சாத்திக்கொண்டு சத்தத்தைப் போட்டுக் கேட்டார்கள். மாமா முதலில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை போட்டபோது எழுந்து, அவன் அன்று தோட்டத்தில் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

பத்ரோஸ் எப்படியோ பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு ஊர் வந்துவிட்டார். விசாரணை நடந்த நான்கு நாளும் முதல் வரிசையில் இருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. தீர்ப்பு அன்று வராந்தாவில் அவரே என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், நின்றுகொடுத்தேன்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். "குவைத்துல அந்தப் படத்த நானும் பாத்தேன் டோமிச்சா. ஒரு தடவ இல்ல. அதுல சத்தமில்லயா, எம்மோள் வாயே தொறக்கலன்னு நெனச்சேன். கூப்பிட நேரமே கெடச்சிருக்காது, கூப்பிட்டிருந்தா யாராச்சும் ஓடியாந்திருப்பாங்க. நம்ம ஊராச்சேன்னு எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் சோறு எறங்குச்சு."

வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "கூப்பிட்டிருக்கா. ஒன்னத்தான் கூப்பிட்டிருக்கா" என்றார்.

"நீ குடுக்காட்டி அவன் தப்பிச்சிருப்பான், ஒரு வார்த்த நன்றி சொல்லுங்கன்னு வக்கீல் சொன்னாரு. வாய் வரல எனக்கு" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

நேற்று மலைமேல் கோயிலில் ஓர் அடக்கம். ஆள் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் கேமராவைத் தூக்கினேன். கை ஆடியது. இரண்டு கையாலும் பிடித்தேன், அப்போதும் ஆடியது. காதில் இறந்தவரின் மகள் துபாயிலிருந்து, "சேட்டா, படம் குலுங்குது" என்று கத்துகிறாள். கேமராவைப் பெஞ்சுமேல் வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் பெட்டி தூக்க ஓர் ஆள் குறைந்தது. போய்ப் பிடித்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை பெட்டியைப் படம் எடுத்திருக்கிறேன், ஒன்றைக்கூடத் தொட்டதில்லை சேச்சி. அவ்வளவு கனம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அதிலிருந்து கை ஆட்டம் நிற்கவில்லை. இந்தக் கடிதம் உங்களுக்குப் படிக்க முடிகிறதோ என்னவோ.

உங்கள் தம்பி,
டோமிச்சன்

-

மடம்
பிப்ரவரி 14

என் டோமிச்சா,

ஈசோவுக்குத் துதி. அடுத்த வாரம் பெரிய நோன்பு தொடங்குகிறது. ஈஸ்டர்வரை இதுதான் கடைசிக் கடிதம். பத்ரோஸ் வீட்டுப் பக்கம் நீயாகப் போய் நிற்காதே. அவன் கூப்பிட்டால் மட்டும் போ. கூப்பிட்டால் ஓடு.

ஈஸ்டர் முடிந்து பின்சியைக் கூட்டிக்கொண்டு வா. புதிதாக வறுத்த சக்கை வறுவலையும் கொண்டு வா, மதர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

உன் கடிதத்தைப் படிக்க எங்கள் இரண்டு பேருக்கும் அரைமணி நேரம் பிடித்தது. எழுத்தெல்லாம் கோணிக் குலுங்கி ஒரு வரிமேல் இன்னொன்று ஏறிக் கிடந்தது. மதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னம்மா இது கையெழுத்து? தம்பிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று கேட்டார்.

"இப்பத்தான் மதர் சரியாகிட்டு வருது" என்றேன்.

சேச்சி